தலைமடையின் கடன்

(ஓசூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘உலக நாடுகளுக்கிடையே அறம்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இதைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஜெனிவாவிலோ நியூயார்க்கிலோ தொடங்குவார்கள். நான் கொடியாளத்தில் தொடங்குகிறேன். நந்தி மலையில் பிறந்து பெங்களூரின் கிழக்குப் புறமாக ஓடிவரும் தென்பெண்ணை, கர்நாடகத்தை விட்டுத் தமிழ்நாட்டுக்குள் காலெடுத்து வைக்கும் ஊர் அது.

அந்த இடத்தில் ஆற்றுக்கு எந்த மாற்றமும் நேர்வதில்லை. அதே நீர், அதே மணல், கரையில் அதே கோரை. இரு பக்கத்து ஊர்களிலும் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு எல்லைக்கு இருபுறமும் இருக்கிறது. மாறுவது ஒன்றே ஒன்றுதான்: அந்த நீரின் தரத்துக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பது. மேலே ஒரு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கீழே இன்னொன்று. மேலே உள்ள வாரியத்துக்குக் கீழே நடப்பது தெரிய வேண்டியதில்லை. கீழே உள்ள வாரியத்துக்கு மேலே போய்க் கேட்க அதிகாரமில்லை. நாடுகளுக்கிடையே அறம் ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அதனால்தான் இங்கே தொடங்கினேன்.

கொடியாளத்துக்குக் கீழே உள்ள கெலவரப்பள்ளி அணையின் மதகு திறந்தால் என்ன வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மழை பிடித்தால் நுரை மலைபோல் எழும்புகிறது. 2024 அக்டோபர் மழையில் நந்திமங்கலம் தரைப்பாலத்தையே நுரை மூடி, போக்குவரத்து நின்றது. நாம் அதை ‘ரசாயன நுரை’ என்கிறோம். தொழிற்சாலைகள் மழையைச் சாக்காக வைத்துக் கழிவைத் திறந்துவிடுகின்றன என்கிறோம். அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இன்னும் சங்கடமானது. நுரையின் பெரும் பங்கு வீட்டுச் சாக்கடையிலிருந்து வருகிறது. சோப்பு, சலவைத்தூள், பாத்திரம் துலக்கும் திரவம் ஆகியவற்றில் உள்ள நுரைக்கும் பொருட்கள் பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் சேற்றில் படிந்து கிடக்கின்றன. பெருமழை அந்தச் சேற்றைக் கலக்குகிறது. நீர் மதகில் விழுந்து அடிபடும்போது அத்தனையும் நுரையாகிறது. பெல்லந்தூர் ஏரி 2015-லும் 2017-லும் 2018-லும் தீப்பிடித்து எரிந்ததை உலகமே படத்தில் பார்த்தது. அந்த ஏரியின் கழிநீர் வழிந்து வரும் திசை நம்முடையது.

அப்படியானால் குற்றவாளி யார்? ஒரு முதலாளியின் பெயரைச் சொல்லிவிட்டால் மனம் ஆறும். ஆனால் இந்தக் குற்றம் லட்சக்கணக்கான சலவை இயந்திரங்களுக்குள் சிதறிக் கிடக்கிறது. அவற்றில் பல நம் பிள்ளைகளுடையவை. அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைத் தாண்டித் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்களில், அங்கேயே வீடு எடுத்துத் தங்கியவர்களில் எத்தனை பேர் ஓசூர்க்காரர்கள்! புவி சூடாவதிலும் இதே சிக்கல்தான். ஒவ்வொருவரின் பங்கும் தூசி அளவு. சேர்ந்து விளையும் தீங்கோ கடல் அளவு. ‘நான் ஒருவன் நிறுத்தினால் என்ன ஆகப்போகிறது’ என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் நியாயமாகவே ஒலிக்கிறது.

சிதறிய பொறுப்பை யார் திரட்டுவது? பயன் எங்கே திரட்டப்படுகிறதோ அங்கேயே பொறுப்பையும் திரட்ட வேண்டும் என்பது என் கருத்து. இதற்குப் பெங்களூரின் குடிநீர்க் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

பெங்களூர் குடிப்பது காவிரி. தொரெக்காடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், பல நூறு மீட்டர் உயரம், படிப்படியாக ஏற்றி அந்த நீரைக் கொண்டுபோகிறார்கள். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி நாளொன்றுக்கு மேலும் 775 மில்லியன் லிட்டர் சேர்ந்தபின், காவிரியிலிருந்து நகருக்குப் போவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,225 மில்லியன் லிட்டர். குடித்து, குளித்து, துவைத்து முடித்த நீர் எங்கே போகிறது? நகரின் மேற்குப் பகுதிக் கழிநீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகத் திரும்பக் காவிரிக்கே போகிறது. கிழக்கும் தென்கிழக்குமான பகுதியின் கழிநீர், கோரமங்கலா–செல்லகட்டா, ஹெப்பாள் பள்ளத்தாக்குகள் வழியாகத் தென்பெண்ணைக்கு வருகிறது. அதாவது ஒரு ஆற்றில் நல்ல நீர் எடுத்து, இன்னொரு ஆற்றில் கழிவாக விடப்படுகிறது.

இதில் உச்ச நீதிமன்றத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. காவிரி நடுவர் மன்றம், பெங்களூரில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் இருக்கிறது என்று கணக்கிட்டு நகரின் தேவையைக் குறைத்துப் பார்த்தது. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. தாகத்துக்குப் படுகை எல்லை கிடையாது என்ற நிலையில் நின்று, தமிழ்நாட்டின் பங்கிலிருந்து குறைத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி.யைப் பெங்களூரின் குடிநீருக்கென்று கொடுத்தது. அன்று தமிழ்நாட்டில் பலருக்கும் கோபம் வந்தது. எனக்கு அந்தத் தீர்ப்பின் அறம் சரியாகவே பட்டது, இன்றும் அப்படித்தான். மனிதர் குடிக்கும் நீர் மற்ற எல்லாத் தேவைகளுக்கும் முந்தியது. ஆனால் அந்த அறத்துக்கு இன்னொரு பாதி உண்டு. படுகைக்கு வெளியே இருக்கும் மக்களுக்கும் குடிநீர் உரிமை உண்டென்றால், படுகைக்கு வெளியே அவர்கள் விடும் கழிவுக்கும் அவர்களே பொறுப்பு. முதல் பாதியை நீதிமன்றம் எழுதியது. இரண்டாம் பாதியை இன்னும் யாரும் எழுதவில்லை. குடிநீர்க் கட்டணம் எந்த வாரியத்தின் கணக்கில் சேர்கிறதோ, அதே வாரியத்திடம் கொடியாளத்தில் வரும் நீரின் தரத்துக்கும் கணக்குக் கேட்க வேண்டும். சிதறிக் கிடக்கும் பொறுப்பு ஓரிடத்தில் திரளும் வழி இதுதான்.

இங்கே ஒருவர் எழுந்து, “சட்டத்தில் இதற்கு இடமுண்டா?” என்று கேட்கலாம். நம் கையில் இருக்கும் பழைய சட்டம், 1892-இல் மைசூர் சமஸ்தானத்துக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தம். சென்னையின் சம்மதம் இல்லாமல் மைசூர் எந்தெந்த ஆறுகளில் புதிய பாசன வேலைகள் செய்யக்கூடாது என்று அது வரையறுத்தது. எவ்வளவு நீர் என்பதே அதன் கவலை. எப்படிப்பட்ட நீர் என்ற நினைப்பே அதில் இல்லை. இருக்கவும் முடியாது. அன்றைய பெங்களூர் ஒரு பேட்டையும் ஒரு தண்டும் சேர்ந்த சிறு நகரம். அதன் கழிவு ஒரு ஆற்றைக் கெடுக்கும் என்று 1892-இல் யார் நினைத்திருப்பார்கள்?

இதே இக்கட்டில் மெக்சிகோ ஒருமுறை மாட்டிக்கொண்டது. 1944 உடன்படிக்கைப்படி அமெரிக்கா கொலராடோ ஆற்றிலிருந்து ஆண்டுக்கு 15 லட்சம் ஏக்கர்-அடி நீரை மெக்சிகோவுக்குத் தர வேண்டும். 1961-இல் அரிசோனாவின் வெல்டன்-மொஹாக் பகுதியில் நிலத்தடியில் தேங்கிய உப்புநீரை இறைத்து ஆற்றில் விடத் தொடங்கினார்கள். எல்லைக்குக் கீழே மெக்சிகாலி சமவெளியில் வாய்க்கால் நீர் உப்பாக மாறி, பயிர் வாடியது. உழவர்கள் தெருவுக்கு வந்தார்கள். உடன்படிக்கையில் அளவு சொல்லியிருக்கிறதே தவிரத் தரம் சொல்லவில்லை, சொன்ன அளவைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று அமெரிக்கத் தரப்பு வாதிட்டது. எழுத்தின்படி அது சரியான வாதம். ஆனால் பயிரைக் கொல்லும் நீரைக் கொடுத்துவிட்டுக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு நாட்டால் எவ்வளவு காலம் முடியும்? பன்னிரண்டு ஆண்டுகள் முடிந்தது. 1973 ஆகஸ்டில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட 242-ஆம் குறிப்பாணை, எல்லையில் வரும் நீரின் உப்புக்கு எண்ணால் வரம்பு கட்டியது. மேலே உள்ள இம்பீரியல் அணையில் அமெரிக்கர்கள் பயன்படுத்தும் நீரைவிட எவ்வளவு மிகலாம் என்பதே அந்த வரம்பு. எனக்கு அதில் மிகவும் பிடித்தது இந்த ஒப்பீடுதான். நீ பயன்படுத்தும் நீரையே அளவுகோலாக வைத்து அண்டை வீட்டானுக்கு விடும் நீரை அள.

மேலே இருப்பவரின் மனம் மாறாது என்று சோர்ந்துபோகிறவர்களுக்கும் ஒரு செய்தி. அதே அமெரிக்காவில் 1895-இல் தலைமை வழக்கறிஞர் ஜட்சன் ஹார்மன், ரியோ கிராண்டே ஆற்று நீரை என்ன செய்தாலும் மெக்சிகோவுக்குத் தன் நாடு கடமைப்பட்டதில்லை என்று கருத்துரை எழுதினார். என் நிலத்தில் ஓடும்வரை அது என் நீர் என்ற கோட்பாட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான். பதினோரு ஆண்டுகளில், 1906-இல், அதே அமெரிக்கா ஆண்டுக்கு 60,000 ஏக்கர்-அடி நீர் தருவதாக மெக்சிகோவுடன் ஒப்பந்தம் செய்தது. சட்டக் கடமையாக இதை ஒப்புக்கொள்ளவில்லை என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதியும் வைத்தது. இருக்கட்டும். வாய்க்காலில் நீர் வந்ததே, அது போதும்.

நம் நாட்டின் நிலை இதில் தெளிவாக இல்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். ஐ.நா. பொதுச்சபை 1997-இல் பன்னாட்டு நீர்வழிகளுக்கான உடன்படிக்கையை ஏற்றபோது 103 நாடுகள் ஆதரித்தன. சீனா, துருக்கி, புருண்டி எதிர்த்தன. மூன்றுமே தலைமடை நாடுகள். இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. சீனாவுக்குக் கீழேயும், பாகிஸ்தானுக்கும் வங்கதேசத்துக்கும் மேலேயும் இருக்கும் நாட்டுக்கு எந்தப் பக்கம் கை தூக்குவதென்று புரியவில்லை போலும். ஆனால் 1960 சிந்து நதி ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பிரிவினையின் ரத்தம் காயாத காலத்தில் இரு நாடுகளும் எழுதியது. அதன் நான்காம் பிரிவில், நீர் அளவுக்கு மீறி மாசுபடாமல் தடுப்பதற்கு இரு தரப்பும் முயலும் என்று ஒரு வாசகம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் இந்தியா அந்த ஒப்பந்தத்தையே நிறுத்தி வைத்துவிட்டது. அது தனிப் பேச்சு. நான் சொல்ல வருவது, பகை நாடுகள் இரண்டு எழுதிக்கொள்ள முடிந்த ஒரு வரியை, ஒரே அரசமைப்புக்கு உட்பட்ட இரண்டு மாநிலங்கள் தென்பெண்ணைக்கு இன்னும் எழுதிக்கொள்ளவில்லை.

இதுவரை பேசியதற்குக் கைதட்டினீர்கள். இனிச் சொல்வதற்கும் தட்டுவீர்களா என்று தெரியாது. அண்டை வீட்டாரிடம் கேட்கும் நியாயத்தை நம் வீட்டிலும் செய்தால்தான் அது அறம். இல்லாவிட்டால் அது வெறும் வழக்கு.

கோலாரை எடுத்துக்கொள்ளுங்கள். தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் யர்கோளில் கர்நாடகம் அணை கட்டியது. தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. 2019 நவம்பரில் நீதிமன்றம் நம் மனுவைத் தள்ளி, நடுவர் மன்றம் வேண்டுமானால் மத்திய அரசிடம் கேளுங்கள் என்றது. கேட்டோம், கேட்டது நியாயம். சம்மதம் பெறாமல் கட்டியது தவறு என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்த நீர் போவது கோலார், பங்காருப்பேட்டை, மாலூர் மக்களின் குடிநீருக்கு. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம். ஆயிரம் அடிக்குக் கீழே போன ஆழ்துளைக் கிணற்றில் ஃபுளோரைடு கலந்த நீர் வருகிறது. இந்தச் சொற்கள் உங்களுக்குப் பழக்கமானவையாக இல்லையா? 2008-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கர்நாடகத்தில் எதிர்ப்பு எழுந்தபோது தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்குமாக நாம் சொன்ன வார்த்தைகள் இவையே. ஃபுளோரைடால் பல் கறுத்து எலும்பு வளைந்த பிள்ளைகளைக் காட்டி, இவர்களுக்குக் குடிநீர் கொடுப்பதை யார் மறுக்க முடியும் என்று கேட்டோம். ஜப்பான் அந்தத் திட்டத்துக்குக் கடன் கொடுத்தது. 2013-இல் நீர் வந்தது. ஓசூரும் இன்று அதைத்தான் குடிக்கிறது. நம் பிள்ளைகளின் எலும்புக்காகச் சொன்ன நியாயம் கோலார்ப் பிள்ளைகளின் எலும்புக்கும் பொருந்தும்.

பெங்களூரின் கழிநீரைச் சுத்திகரித்து 2018 முதல் கோலார் ஏரிகளில் நிரப்பும் திட்டத்திலும் இதே கேள்விதான். தென்பெண்ணைக்கு வர வேண்டிய நீர் திசை மாறுகிறது என்கிறது தமிழ்நாடு. அதே மூச்சில் கழிநீர் வருகிறது என்றும் முறையிடுகிறோம். இரண்டும் முரண் இல்லையா என்று கர்நாடகத்தவர் கேட்கும்போது நம்மிடம் தெளிவான பதில் வேண்டும். என் பதில் இது. ஆற்றில் இயற்கையாக வரும் மழைநீருக்குக் கீழ்நிலத்துக்கு உரிமை உண்டு. அதை விட்டுத்தர முடியாது. காவிரியிலிருந்து வந்து நகரின் குழாயில் புகுந்து வெளியேறும் நீரைச் சுத்திகரித்துக் கோலாருக்குக் கொண்டுபோனால், அதைத் தடுக்க எனக்கு வாயில்லை. சுத்திகரித்ததை அங்கே அனுப்பிவிட்டு, சுத்திகரிக்காததை இங்கே விடுவதைத்தான் ஏற்க முடியாது. திட்டம் தொடங்கிய 2018-லேயே கோலாரின் லட்சுமிசாகர ஏரியில் நுரை பொங்கி, அவர்கள் உயர் நீதிமன்றம் போக வேண்டி வந்தது. நம்மோடு சேர்ந்து போராட வேண்டியவர்கள் அவர்கள். அவர்களோடு நாம் வழக்காடிக்கொண்டிருக்கிறோம்.

எல்லைக்கு இந்தப் பக்கம் மட்டும் ஆறு புனிதமாகிவிட்டதா? நொய்யலை நினைத்துப் பாருங்கள். திருப்பூரின் சாயநீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணையின் நீரைத் திறக்காதீர்கள் என்று கீழே உள்ள உழவர்களே கெஞ்சும் நிலை வந்தது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் அசைவு ஏற்பட்டது. அங்கே எந்த மாநில எல்லையும் குறுக்கே நிற்கவில்லை. மேலேயும் தமிழர், கீழேயும் தமிழர். பாலாற்றைத் தோல் ஆலைகள் கெடுத்த வழக்கில்தான், 1996-இல், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. உலகம் 1992-இல் ரியோ நகரில் ஏற்றுக்கொண்ட அந்தக் கொள்கை, அந்த வேலூர் வழக்கில் இந்தியச் சட்டமாக உறுதியானது. நம் ஊர்க்காரர்கள் வாதியாகவும் பிரதிவாதியாகவும் நின்று பெற்ற கோட்பாட்டை நாம் பெல்லந்தூருக்கு மட்டும் படித்துக் காட்டினால் யார் கேட்பார்கள்?

தென்பெண்ணையிலேயே நாம் தலைமடையாக நின்ற ஒரு இரவும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. சாலையோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். அந்த நீரெல்லாம் சாத்தனூர் அணைக்குப் போனது. டிசம்பர் 2 விடியுமுன் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றோர ஊர்கள் மூழ்கின. எச்சரித்தோம் என்றது அரசு; போதவில்லை என்றன எதிர்க்கட்சிகள். தூக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு எப்போது, எந்த வழியில் சொன்னால் அது முன்னறிவிப்பு ஆகும்? 1997 உடன்படிக்கையில் நாடுகளுக்கிடையே அவசர அறிவிப்புக்கென்றே ஒரு விதி இருக்கிறது. நம் மாவட்டங்களுக்கிடையே அது எப்படி நடக்கிறது என்பதை யாராவது எழுதி வைத்திருக்கிறோமா?

ஆற்றை விட்டுக் கடலுக்கு ஒரு நிமிடம் வாருங்கள். பாக் நீரிணையில் நம் இழுவைப் படகுகள் கடலடியைச் சுரண்டி மீன் பிடிக்கின்றன. இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டப்படி தடைசெய்தது. நம் மீனவர்கள் சுடப்பட்டதும் சிறைப்பட்டதும் கொடுமை. அதை எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் இரவில் வலை அறுந்து, விடியலில் வெறுங்கையோடு கரை திரும்புகிறவர் யார்? யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் போர் தின்றது போக மிஞ்சியதை வைத்து மீண்டும் தொழிலுக்கு இறங்கிய தமிழ் மீனவர். அங்கே எண்ணிக்கையும் எந்திரமும் நம் பக்கம். தலைமடையில் இருப்பது நாம். கொடியாளத்தில் நின்று நாம் கேட்கும் கேள்வியை அவர் பாக் நீரிணையில் நின்று நம்மைக் கேட்கிறார். பதில் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

ஏரிப்பாசன ஊர்களில் நீர் குறைந்த ஆண்டில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்பதை நீர்க்கட்டி தீர்மானிப்பார்; தலைமடைக்காரர் எவ்வளவு செல்வாக்குள்ளவரானாலும் இரவில் மடையைத் திருப்பினால் ஊர் கேட்கும். அங்கே சாதியும் நிலவுடைமையும் செய்த அநீதிகள் உண்டு, நான் அதைப் பொற்காலம் ஆக்கவில்லை. ஆனால் இரு தரப்பும் கண்ணால் பார்க்கும் ஒரு அளவு, இரு தரப்பும் ஏற்ற ஒரு ஆள் என்ற ஏற்பாடு அங்கே இருந்தது. தென்பெண்ணைக்கு இல்லாதது அதுதான். கொடியாளத்தில் கர்நாடகம் எடுக்கும் அளவீட்டை நாம் நம்புவதில்லை. நாம் எடுப்பதை அவர்கள் நம்புவதில்லை.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, அடுத்தடுத்த மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு கூட்டு வாரியம் அமைக்க வழி தருகிறது. ஐம்பது ஆண்டுகளாக அந்தப் பிரிவு அங்கேயே இருக்கிறது. தென்பெண்ணைக்கு ஒரு கூட்டு வாரியம் அமைந்தால், கொடியாளத்தில் இரு மாநிலத்தாரும் சேர்ந்து மாதிரி எடுக்கலாம். ஒரே ஆய்வகத்தில் சோதித்து, முடிவைத் தமிழிலும் கன்னடத்திலும் ஒரே நாளில் வெளியிடலாம். கெலவரப்பள்ளி வாய்க்காலில் கொத்தமல்லியும் தக்காளியும் ரோஜாவும் வளர்க்கிறவருக்கு இன்று என்ன நீர் வருகிறதென்று தெரிந்துகொள்ளும் உரிமையாவது கிடைக்கும். வரம்பு மீறினால் யார் எவ்வளவு கொடுப்பது என்பதை 242-ஆம் குறிப்பாணை போல எண்ணில் எழுதிக்கொள்ளலாம்.

அதே மாதிரியைக் கிருஷ்ணகிரி அணைக்குக் கீழேயும் சாத்தனூருக்குக் கீழேயும் எடுக்க நாம் சம்மதிக்க வேண்டும். ஓசூரின் சாக்கடையும் இங்குள்ள தொழிற்பேட்டையின் கழிவும் அந்த எண்ணில் தெரியும். தெரியட்டும். இந்த இரண்டு கோரிக்கைகளையும், நமக்கு வேண்டியதையும் நாம் தர வேண்டியதையும், ஒரே தீர்மானமாக ஓசூர் மாநகராட்சி மன்றம் நிறைவேற்றி, சென்னைக்கும் பெங்களூருக்கும் ஒரே நாளில் அனுப்ப வேண்டும் என்று உங்கள் முன்னால் கேட்டுக்கொள்கிறேன். உறுப்பினர்கள் சிலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். தீர்மானத்தின் வாசகத்தை எழுத உட்காரும் நாளில் என்னையும் கூப்பிடுங்கள், வருகிறேன்.